தொண்டை கட்டிய பொங்கல்

எங்கள் குடும்பம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே பெரியது, ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு எடுக்கப்பட்டது. வருவாய்த் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் இப்படிச் சொல்வது முறையல்ல என்று எனக்கே தெரியும். முடிவு என்றால் முதலில் மனு வேண்டும். மனுமீது விசாரணை, விசாரணைமீது குறிப்பு, குறிப்புமீது யாராவது ஒருவரின் சுருக்கொப்பம், அதற்குப் பிறகுதான் முடிவு. எங்கள் விஷயத்தில் இருந்ததெல்லாம் ஒரு ரைஸ் மில் ஷெட்டு, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்கு, துணி விற்க வந்த ஒரு பழவேற்காட்டு பாய், கைக்குட்டையில் வெங்காயம் வைத்திருந்த நான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கிழக்கே போகும் வண்டிப்பாதையில் எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவில் இரண்டு நிலங்கள். ஏரிக்கரையை ஒட்டியது ஒன்று. அது சோறு போட்டது. இன்னொன்று கிழக்குக் கோடியில், ஏரித் தண்ணீர் வந்து சேர்வதற்குள் களைத்துப் போகும் இடத்தில். அது வேலை மட்டும் கொடுத்தது. கோடையில் மேலே வெள்ளையாய் உப்புப் பூக்கும். தூரத்திலிருந்து பார்க்க அழகாயிருக்கும். பக்கத்தில் போனால் பயிர் இருக்காது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். ஒரு கம்பெனி அந்தக் கிழக்கு நிலத்தைக் கேட்டது. நியாயமான விலை, அதற்கு மேல் நிலம் தரும் வீட்டில் ஒருவருக்கு வேலை. தரகர் எங்கள் வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போனார். நைனா, "பொங்கல் கழிச்சு சொல்றேன்" என்றார்.

சொல்ல முடியாததற்குக் காரணம் சித்தப்பா. பட்டா இருவர் பெயரிலும் இருந்தது. சித்தப்பா கையெழுத்துப் போடாமல் பத்திரம் நகராது. சித்தப்பாவோ தாய் மண்ணை விற்க மாட்டேன் என்றார். பொன்னேரியில் காலேஜுக்குப் போய்ப் பாதியில் திரும்பிய பிறகு அவருக்கு மண்மீது பெரிய பாசம் வந்திருந்தது. அம்மாவுக்கு இந்தப் பாசத்தில் நம்பிக்கை இல்லை.

"தாய் மண்ணு தாய் மண்ணுன்றியே தம்பி, அந்தத் தாய கடசியா எப்போ போய்ப் பாத்துட்டு வந்த?"

"அண்ணி, பாசம் வேற, சேறு வேற."

"அதெல்லாம் இல்ல. ஒரு வேல குடுக்கறாங்களாமே, அது உனக்குத்தான். காலங்காத்தால சங்கு ஊதுவானாம். அதுக்கு பயந்துக்கினுதான் நீ மண்ணு மண்ணுன்ற."

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார். நைனா இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. அண்ணன் ஓர் அதட்டல் போட்டிருந்தால் தம்பி கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் நைனா அதட்டி வளர்த்த தம்பி அல்ல அவர். தாத்தா போன பிறகு தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன தம்பி. அழுகிற தம்பியிடம் கையெழுத்து வாங்கினார் என்று ஊர் சொல்லும். ஊரைவிட முக்கியமாக, அவருக்கே அது பிடிக்காது. அதனால் மாலையில் கிழக்கே போவார், வரப்பில் உட்காருவார், செருப்பில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டுத் திரும்பி வருவார். இரவில் அம்மாவிடம் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்பார். சாப்பாட்டைப் பற்றி அவர் பேசினால் வேறு எதையோ பேசாமல் இருக்கிறார் என்று பொருள்.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. நாடகம் எழுதினார்.

காணும் பொங்கலன்று மில் ஷெட்டில் இளைஞர் மன்றத்தின் நாடகம் நடப்பது வழக்கம். அந்த வருஷ நாடகத்தின் பெயரில் கண்ணீர் என்ற சொல் இருந்தது. உள்ளேயும் அதைத் தவிர அதிகமில்லை. ஓர் ஏழை விவசாயி. நிலத்தைக் கேட்டு வரும் தரகர். விற்பதா வேண்டாமா என்று விவசாயி நான்கு காட்சிகள் தவிக்கிறார். ஐந்தாம் காட்சியில் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து நீளமாகப் பேசி, விற்காமலேயே விழுந்து சாகிறார். இது யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முன்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருப்பார், பார்ப்பார், மனம் உடைவார், தரகர் வந்த வழியே போவார் என்பது சித்தப்பாவின் திட்டம். மனு எழுதுவதில் இதுவும் ஒரு வகைதான். விஷயம் பலவீனமாக இருக்கும்போது அழுகையைச் சற்றுத் தூக்கலாகப் போடுவார்கள். பிற்காலத்தில் இப்படிப்பட்ட மனுக்களை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

விவசாயி வேஷம் பால்கார மாமாவுக்கு. எதிர்வீடு, நாலைந்து எருமை, அபாரமான குரல். எருமையைக் கூப்பிட்டால் ஸ்டேஷனில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதே குரல் அழுதால் கல்லும் கரையும். ஒத்திகையில் அவர் மண்ணைப் பிடித்துப் பேசும்போது மில்லில் நெல் அரைக்க வந்தவர்கள் அரைப்பதை மறந்து மூக்கைச் சிந்தினார்கள். விவசாயியின் மகள் நான். எனக்கு ஒரே வசனம். "அப்பா, அழாதீர்கள்! உங்கள் கண்ணீர் இந்த மண்ணைச் சுடும்!" இதைச் சொல்லி நானும் அழ வேண்டும். அழுகை வராததால் கைக்குட்டையில் நசுக்கிய வெங்காயம்.

சித்தப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் எழுதிய வசனத்தில் ஒரு சொல்லை மாற்றினால், மாற்றியவர் மொத்த மன்றத்துக்கும் டீ வாங்கித் தர வேண்டும். யாரும் மாற்றியதில்லை. ஒத்திகையைத் தினமும் பார்த்த இன்னொருவர் ஜவுளி பாய். பண்டிகைக் காலத்தில் பழவேற்காட்டிலிருந்து சைக்கிளில் துணி மூட்டையோடு வந்து மில் ஷெட்டிலேயே தங்குவார். பகலில் தெருத்தெருவாக விற்பனை, மாலையில் மூட்டைமீது சாய்ந்துகொண்டு எங்கள் ஒத்திகை. யாராவது வசனத்தை மறந்தால் அவர்தான் எடுத்துக் கொடுப்பார்.

போகி அன்று காலை நைனா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு பால்கார மாமா வீட்டுக்குப் போனார். கையில் ஒரு பொட்டலம், சுக்கும் பனங்கற்கண்டும். மாமா தன் எருமை ஒன்றை அதன் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். தெரு முழுக்கக் கேட்டது. நைனாவும் அவரும் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் பேசினார்கள். நான் கன்றுக்குட்டியோடு இருந்தேன். மாமா ஒருமுறை சத்தமாக, "பேஜாருப்பா இது!" என்றது கேட்டது. பிறகு இருவரும் சிரித்தார்கள். பொட்டலம் கை மாறியது. பொங்கல் வரிசை என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டுப் பொங்கலன்று மாலை மன்றத்துப் பையன் ஒருவன் மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். பால்கார மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச்சே வரவில்லை. சித்தப்பாவுக்கு உலகம் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் எதிர்வீட்டுக்குப் போனோம். மாமா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். அத்தை சுக்குக் கஷாயம் ஆற்றிக்கொண்டிருந்தாள். மாமா சித்தப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர். பெரிய கலைஞர்.

"நாளைக்கு நாடகம்! யாருக்குத் தெரியும் அந்த வசனம்? நாலு பக்கம்!" என்று சித்தப்பா தலையில் கை வைத்தார்.

அதுவரை நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத நைனா, பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார். "பாய்க்குத் தெரியும்டா. எழுத்து பிசகாம சொல்றாரு."

"பாயா? அவரு துணி விக்கறவரு ண்ணா."

"சொல்லு மாறாம சொன்னா போதும்னுவியே. அவரு மாத்த மாட்டாரு."

சித்தப்பா வேறு வழியில்லாமல் பாயைக் கூட்டிவரப் பையனை அனுப்பினார். அவருடைய சட்டமே அது. தம்பியின் நாடகம் நின்றுவிடக் கூடாது என்று நைனா இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பாயும் உடனே ஒப்புக்கொண்டார். "ரொம்ப நாள் ஆசை அண்ணாத்தே. வேட்டி என்னுதே கட்டிக்கறேன், புது வேட்டி கீது" என்றார்.

மறுநாள் விளக்கு வைத்ததும் ஷெட்டு நிரம்பிவிட்டது. நைனாவும் அம்மாவும் முன்வரிசை. முதல் காட்சியில் பாய் வந்து நின்றபோதே எங்கோ தவறு நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். இருபது வருஷமாகத் தெருவில் பெண்களைக் கூப்பிட்டு மூட்டையை அவிழ்த்த குரல். வாக்கியத்தை இதமாகத் தொடங்கி, நடுவில் கொஞ்சிக் குழைத்து, கடைசியில் தூக்கி நிறுத்தி, எதிரில் இருப்பவர் முகத்தைச் சிரித்தபடி பார்ப்பது. அந்தக் குரலில் அவர் தரகரைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா தரகரே! இது வெறும் மண்ணா? என் தாயின் மடி! இதற்கு விலை உண்டா?"

பால்கார மாமா சொன்னபோது அதே கேள்வியில் ஷெட்டே விம்மியது. பாய் சொன்னபோது, சொல்லுங்க பார்க்கலாம் என்று கேட்பது போல இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "உண்டு பாய்! மொழம் இன்னா வெல?" என்று கத்தினான். ஷெட்டே சிரிப்பில் அதிர்ந்தது.

அதற்குப் பிறகு நாடகம் சித்தப்பாவின் கையில் இல்லை. விற்பதா வேண்டாமா என்று விவசாயி தவிக்கும் இடங்களிலெல்லாம், எந்தப் புடவையை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் வாடிக்கையாளருக்குப் பாய் பொறுமையாக யோசனை சொல்வது போல இருந்தது. இதையும் பாருங்கள், அதையும் பாருங்கள், அவசரமில்லை. திரைக்குப் பின்னால் சித்தப்பா, "அழுங்க பாய்! அழுங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது முன்வரிசை வரை கேட்டது.

ஐந்தாம் காட்சி. மண்ணைக் கையில் எடுக்கும் இடம். மண் நிஜம், பொருத்தமாக இருக்கட்டும் என்று சித்தப்பா பையன்களை அனுப்பிக் கிழக்கு நிலத்திலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்தார். பாய் ஒரு பிடி எடுத்தார். பழக்கதோஷம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் துணியைப் பார்ப்பது போலத் தேய்த்துப் பார்த்தார். விரலில் வெள்ளையாய் உப்பு ஒட்டியது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு நேரம் சிரித்த முகம் முதல்முறையாகச் சற்று வாடியது. சரக்கு மட்டம் என்று தெரிந்தும் வெளியே சொல்லாத கண்ணியமான வியாபாரியின் முகம். பிறகு கடமையைச் செய்தார்.

"பொன் விளையும் பூமி ஐயா இது!"

எதிரில் இருந்தவர்கள் அத்தனை பேரும் விவசாயிகள். அந்த உப்பு என்ன என்று அவர்களுக்குத் தெரியும். சிரிப்பு எழுந்தது பாருங்கள், மில்லின் தகரக் கூரை தடதடத்தது. என்னுடைய முறை வந்தது. வெங்காயத்தைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு ஓடிப்போய், வாயெல்லாம் பல்லாக நின்றிருந்த பாயின் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அழாதீர்கள்!" என்றேன். மீதி வசனத்தை யாரும் கேட்கவில்லை. பாய் சாக வேண்டிய நேரத்தில் முதலில் துண்டை உதறி விரித்தார். நாளை விற்க வேண்டிய வேட்டியில் மண் படக் கூடாதல்லவா. அதன்மேல் பக்கவாட்டில் மெல்லப் படுத்து, கண்ணை மூடிச் செத்தார்.

நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன். பாதி வெங்காயம், பாதி அவமானம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது முன்வரிசையில் நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மார்கழி முழுவதும் அவர் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை. இறங்கி ஓடியதும் என்னைத் தூக்கிக்கொண்டு, "நீதான் கண்ணு ஒழுங்கா அழுத" என்றார்.

இந்த நாடகத்தைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எழுத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. முடிவும் மாறவில்லை, விவசாயி விற்காமல்தான் செத்தார். ஆனால் பார்த்தவர்கள், விற்றுத் தொலைத்திருக்கலாமே இந்த மனுஷன் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். அழுத குரலில் அந்த விவசாயிக்கு ஒரே வழிதான் இருந்தது. சிரித்த குரலில் நாலு வழி தெரிந்தது. எழுதுகிறவர்கள் முடிவு என்ன என்பதில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். படிக்கிறவர் என்ன முடிவுக்கு வருவார் என்பதை, எந்தக் குரலில் சொன்னோம் என்பதே தீர்மானித்துவிடுகிறது. அலுவலகத்திலும் அப்படித்தான். 'கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதினால் மனுதாரர் நீதிமன்றத்துக்குப் போவார். 'தற்போது ஏற்க இயலாத நிலை உள்ளது' என்றால் டீ குடிக்கப் போவார்.

சித்தப்பா திரைக்குப் பின்னால் மூட்டைமீது உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். எழுதியவரைக் கூப்பிடு என்று கூட்டம் கத்தியது. யாரோ இழுத்துவந்து மேடையில் நிறுத்தி மாலை போட்டார்கள். இவ்வளவு சிரித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று என்று மில்காரர் கைகொடுத்தார். மாலை கழுத்தில் விழ விழச் சித்தப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கடைசியில் அவர் கும்பிட்டபோது, எல்லாம் திட்டமிட்டுச் செய்தது போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை நாஷ்டாவுக்குத் தோசை. சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தார். கிழக்கு நிலத்தைப் பற்றி அவரிடம் இருந்த வாதங்களெல்லாம் அந்த நாடகத்தில் இருந்தவைதான். அவற்றை இனி இந்த ஊரில் எவரிடமும், வீட்டில் அம்மாவிடம் கூட, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. தாய் என்று ஆரம்பித்தாலே முழம் என்ன விலை என்பார்கள். ஆனாலும் அவர் சரி என்று சொல்லவில்லை. நைனாவும் கேட்கவில்லை. இருவரும் ஒரே சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தெருவில் அந்தக் குரல் எழுந்தது. "ஏய்... எங்கடி போற? திரும்புடி!" எருமை நின்றிருக்கும். ஸ்டேஷனிலும் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். "பால்கார மாமாவுக்குத் தொண்ட சரியாப் போச்சு! எல்லாம் நைனா குடுத்த சுக்குதான் சித்தப்பா. நைனா போகி அன்னிக்கே குடுத்துட்டாரு!"

"வாய மூடிக்கினு சாப்புடு" என்றார் நைனா.

சித்தப்பா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போகி அன்னிக்கா?"

"ஆமா, நானும் போனேனே."

"அன்னிக்கு மாமாக்குத் தொண்ட எப்படிம்மா இருந்துது?"

"நல்லாத்தான் இருந்துது. எருமைய திட்டிக்கினு இருந்தாரு."

அம்மா தோசையைத் திருப்ப மறந்தாள். கருகிய வாசனை வந்தது. சித்தப்பா தன் அண்ணனைப் பார்த்தார். நைனா தோசையைப் பார்த்தார். திடீரென்று சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். நேற்று ஷெட்டில் எல்லோரும் சிரித்தபோது சிரிக்காமல் விட்டதையும் சேர்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி, அந்தக் கருகுனதயே போடுங்க. ண்ணா, எங்க கையெழுத்துப் போடணும்?"

"மொதல்ல கைய கழுவுடா" என்றார் நைனா. குரல் கொஞ்சம் கரகரத்தது. அவருக்கும் தொண்டை கட்டிவிட்டதோ என்று நினைத்தேன்.

அந்த வேலை சித்தப்பாவுக்குத்தான் வந்தது. முதல் வாரம் சங்கு ஊதும்போதெல்லாம் அம்மா அவரை உலுக்கி எழுப்பினாள். பிறகு சங்குக்கு முன்னாலேயே எழுந்து, சங்கு தாமதம் என்று குறை சொல்லும் ஆளாகிவிட்டார். அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார். கம்பெனி வளாகத்தில் ஆயுத பூஜைக்கு வருஷாவருஷம் நாடகம் போட்டார். எல்லாம் சிரிப்பு நாடகம். கிழக்கு நிலத்தில் இப்போது கொட்டகை கொட்டகையாக நிற்கிறது. ஏரிக்கரை நிலம் இன்னும் எங்களிடம் இருக்கிறது, இன்னும் சோறு போடுகிறது.

பிற்காலத்தில் மனு வந்த தேதிக்கு முன் தேதியிட்ட உத்தரவைக் கண்டால் சிவப்பு மையால் வட்டம் போடுவது என் வேலையாயிற்று. வியாதிக்கு முன்னால் போன மருந்து அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பள்ளி திறந்ததும் தோழிகளிடம் பெருமையடித்தேன். எங்க நைனாவுக்கு யாருக்கு எப்போ உடம்புக்கு வரும்னு முன்னாடியே தெரியும் என்றேன். கணக்கு வாத்தியாருக்கு எப்போது என்று கேட்டு வரும்படி ஒருத்தி சொன்னாள். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

நைனா என்னை உற்றுப் பார்த்தார். "அதுக்கு உங்க சித்தப்பா இன்னொரு நாடகம் எழுதணுமே, கண்ணு" என்றார்.

எனக்கு அது புரியவில்லை. ஆனால் காரியம் ஆக வேண்டுமே. சித்தப்பா எங்கே என்று தேடிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.